மார்த்தேன் பெயரை விடுங்கள், தகப்பன் பெயரைத் தேடுங்கள்

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குப் பூர்வீகம் புதுச்சேரி. வீட்டில் அவரைச் சின்னப்பன் என்றுதான் சொல்வார்கள். சைகோனில் பிரெஞ்சு அரசு வேலை பார்த்தபோது வந்த காகிதத்தில் 'போல் மார்த்தேன்' என்றிருக்கிறது. அவருடைய அண்ணன் வழியினர் 'கஸ்தோன்' என்று போட்டுக்கொள்கிறார்கள். நாங்கள் ஒரே குடும்பமா? மார்த்தேன் வம்சத்தை எங்கே தேடுவது?

பதில்: மார்த்தேன் வம்சம் என்று தேடினால் ஒரு தலைமுறையோடு நின்றுவிடுவீர்கள். பிரெஞ்சுப் பெயர் இருப்பதாலேயே பிரெஞ்சு ரத்தம் என்றும் ஆகாது.

1881 செப்டம்பர் 21-ல் பிரெஞ்சு இந்தியாவுக்கு ஓர் ஆணை வந்தது. தம் சாதி, சமய வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க விரும்பும் இந்தியர் அதை எழுத்தில் அறிவிக்கலாம். அப்போது தமக்கும் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். இவர்களைத்தான் ரெனோன்சான் என்பார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லாபோர்த்' ஆனது இப்படித்தான். லா போர்த் என்றால் கதவு.

சிறு பிள்ளைகளுக்குத் தகப்பன் எடுத்த பெயரே போகும். அண்ணன் தம்பிக்கு வேறு வேறு பெயர் என்றால், இருவரும் வயது வந்தபின் தனித்தனியாக அறிவித்திருக்க வாய்ப்பு அதிகம். எனவே உறவு அறுந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சின்னப்பனும் போலும் ஒரே பெயர்தான். பவுலைத் தமிழ்க் கிறிஸ்தவர் சின்னப்பர் என்றார்கள். பேதுரு ராயப்பர், யோவான் அருளப்பர், யோசேப்பு சூசை. ஞானஸ்நானப் பதிவேட்டில் இதுவே லத்தீனில் இருக்கலாம். புதுச்சேரியின் கத்தோலிக்கத் தேவாலயங்களான கப்ஸ் கோயிலா, சம்பா கோயிலா, குடும்பம் எந்தப் பங்கு என்று வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள்.

பிறகு பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள். காலனிகளின் பதிவேடுகளுக்கு ஒரு கூடுதல் பிரதி எடுத்து பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776-ல் பிரெஞ்சு அரசர் ஆணை போட்டார். அதன் பலனாக எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத் தளத்தில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் பழைய பதிவேடுகளைக் கட்டணமின்றிப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். பிந்தைய பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவுகளுக்கு நாந்த் நகரின் மத்தியப் பதிவகத்துக்கு எழுதுங்கள்.

அட்டவணையில் சின்னப்பன், போல், தகப்பன் பெயர் மூன்றையும் தேடுங்கள். எழுத்தர் காதில் விழுந்ததை பிரெஞ்சு உச்சரிப்பில் எழுதினார். நம் 'உ' அங்கே ஓ-யு. முத்து என்றால் எம்-ஓ-யு என்று தொடங்கும். பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரில்தான் கடைசிவரை வருவார்கள். கொள்ளுப்பாட்டியைக் கணவர் பெயரில் தேடித் தவறவிடாதீர்கள்.

பக்கம் கிடைத்ததும் கண்ணை அடிக்கு இறக்குங்கள். மேலே எல்லாம் பிரெஞ்சில் சரிந்த கையெழுத்து. கீழே பதிவு செய்ய வந்து தகவல் சொன்னவர் பல சமயம் தமிழில் கையொப்பமிட்டிருப்பார். எழுத்தர் பெயரை எப்படிக் குதறியிருந்தாலும் அந்தக் கையெழுத்து சரியாகச் சொல்லும். பழைய ஏடுகளில் தமிழை 'மலபார்' என்றே எழுதுவார்கள், கேரளம் என்று குழம்ப வேண்டாம்.

கொள்ளுத்தாத்தாவின் ரெனோன்சான் அறிவிப்பையும் அவர் அண்ணனுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தாய் தகப்பன் பெயரும் ஊரும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் மார்த்தேனும் கஸ்தோனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.