மாடு இன்னைக்கு லீவு

ஐயா,

வணக்கம். கேரளாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். போன வாரம் வாட்ஸாப்பில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. கேரி லார்சன் என்ற அமெரிக்கர் 1982இல் வரைந்ததாம். ஒரு மாடு இரண்டு காலில் நிற்கிறது. அதன் முன்னால் ஒரு மேஜை. மேஜையில் கோணல்மாணலாக ஏதோ சாமான்கள். கீழே ‘மாட்டின் கருவிகள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. ஸ்டாஃப் ரூமில் காட்டினேன், ஒருவரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் “இதுல என்ன இருக்குது?” என்றார். அப்புறம் யூடியூபில் அதற்கு ஒரு விளக்கம் பார்த்தேன். இப்போது எனக்கும் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருஷம் கழித்தும் இப்படி ஒரு படம் ஏன் சுற்றிக்கொண்டிருக்கிறது? வெறும் பழைய ஞாபகப் பிரியம்தானா? தமிழில் இப்படி ஒன்று ஏன் இல்லை? ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாமா?

ச.

அன்புள்ள ச.,

கொஞ்ச நாளாகப் பழைய கேலிச்சித்திரத் தொகுப்புகளைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது. ஆனால் அதில் ஒரு வரியைப் படித்தவுடன் கோபமும் வந்தது. அதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

அம்மணி, ஒரு படத்தைப் பார்த்துத் தன்னாலே சிரித்தீர்கள். அதற்குமேல் என்ன வேண்டியிருந்தது? யாரோ ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அம்பு போட்டு, வட்டம் போட்டு, நீங்கள் ஏன் சிரித்தீர்கள் என்று உங்களுக்கே சொல்ல வேண்டுமா? ஸ்டாஃப் ரூமில் யாரும் சிரிக்கவில்லை என்றதும் உங்களுக்கு உங்கள் சிரிப்பின்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நாலு பேர் சிரிக்காததால் அது தவறான சிரிப்பாகிவிடுமா? வாத்தியார் வேலையின் தொழில்நோய் இது. எதற்கும் விடைத்தாள் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று நினைப்பது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் படத்துக்கு விளக்கம் கேட்ட முதல் ஆள் நீங்கள் இல்லை. 1982 அக்டோபரில் அது வெளியானபோதே அமெரிக்காவில் ஊர் ஊராக மக்கள் குழம்பிப்போனார்கள். பத்திரிகைகளுக்குக் கடிதம், போன். கடைசியில் லார்சனே ஒரு அறிக்கை விட வேண்டியதாயிற்று. பிறகு ஒரு புத்தகத்திலும் அதைப் பற்றி எழுதினார். மனிதனை மிருகத்திலிருந்து பிரிப்பது கருவி செய்யும் திறமை என்று மானிடவியல்காரர்கள் சொல்வதுண்டு. சரி, மாடு கருவி செய்தால் எப்படி இருக்கும் என்று அவர் யோசித்தார். மட்டமாகத்தான் இருக்கும். அவ்வளவுதான் விஷயம். மேஜையில் கிடப்பவற்றில் ஒன்று மட்டும் கொஞ்சம் ரம்பம் மாதிரி அமைந்துவிட்டது. அதுதான் வினை. ஒன்று ரம்பம் என்றால் மற்ற மூன்றும் ஏதோ ஒன்றாக இருக்க வேண்டுமே என்று படித்தவர்கள் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

அது ஒன்றுமே இல்லை என்பதைத்தான் அவர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இந்த இடத்தில் என் தாய்மாமனைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அவர் தேங்காய் வியாபாரி. நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் காய் பிடித்துப் பொள்ளாச்சிக்கு ஏற்றுவார். வேலந்தாவளத்தில் அவர் போகும் சலூனுக்கு நானும் முடிவெட்டப் போவேன். கோயமுத்தூரிலிருந்து தமிழ்ப் பேப்பர் பஸ் ஏறி வருவதற்குள் வெயில் ஏறிவிடும். மலையாளப் பேப்பர் காலையிலேயே கிடக்கும். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்து தெரியாது. மாமனுக்கும் தெரியாது. ஆனால் பேப்பரை விரித்துப் பிடித்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, முதல் பக்கத்துக் கேலிச்சித்திரத்தைத்தான் முதலில் ‘படிப்பார்’.

ஒரு தடவை படத்தில் கதர்ச்சட்டைக்காரர் ஒருவர் ஏர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மந்திரி யாரோ. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். மாமன் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மாடு இன்னைக்கு லீவு. அதுக்குப் பதிலா இவுரு வந்துருக்கறாரு.”

இன்னொரு நாள் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓட, இன்னொருவர் பையோடு பின்னால் ஓடும் படம். “நாற்காலிக்குப் பொண்ணு பாத்துப்போட்டு வாரானுங்க. பின்னால வாரவன் புரோக்கரு.”

கேட்டீர்களா, இதில் முக்கியம் என்னவென்றால் மாமன் சிரிக்கவே மாட்டார். கடைக்காரரும் சிரிக்க மாட்டார். பெஞ்சில் காத்திருப்பவர்கள் “அப்படியாட்ட இருக்குது” என்று தலையாட்டுவார்கள். ஒருவர், “எந்த ஊர்ப் பொண்ணுங்க?” என்று விசாரிப்பார். “போடல. தனியா விசாரிக்கோணும்” என்பார் மாமன். நான் மட்டும்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். சிரித்தால் தலையில் ஒரு தட்டு விழும். கத்தி பட்டுவிடும் என்பது வெளிக்காரணம்.

அப்புறம் பள்ளியில் மலையாள எழுத்து படித்தேன். மாமனிடம் போய் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டினேன். கூட்டணியில் எந்தக் கட்சிக்கு எந்த இலாகா என்பது மாதிரி ஏதோ ஒன்று. மாமன் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். “நல்லாவே இல்லையே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பேப்பர்காரனுக்குப் படம் புரியல” என்றார்.

சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இதே சம்பவம் லார்சனுக்கே நடந்திருக்கிறது. அவருடைய சித்திரம் ‘தி ஃபார் சைட்’ என்ற பெயரில் 1980 ஜனவரி 1 முதல் 1995 ஜனவரி 1 வரை வந்தது. 1981இல் அமெரிக்காவில் டேட்டன் நகரத்து நாளிதழ் ஒன்றில் அதற்குப் பக்கத்திலேயே ‘டென்னிஸ் தி மெனஸ்’ என்ற வால்பையன் சித்திரமும் வரும். ஒரு நாள் அச்சில் இரண்டுக்கும் வசனம் மாறிப்போயிற்று. லார்சன் வரைந்தது ஒரு பாம்புக் குடும்பம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பது. மறுபடியும் ஹாம்ஸ்டர் எலிதானா என்று குட்டிப் பாம்பு அலுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது, நல்லவேளை எனக்கு சாண்ட்விச் செய்யத் தெரியும், இல்லாவிட்டால் பட்டினிதான் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படத்தில் அந்தச் சின்னப் பையன், சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் ஹாம்ஸ்டரா என்று அலுத்துக்கொண்டான். இரண்டு படமுமே முன்னைவிட நன்றாகிவிட்டது என்று லார்சனே பிறகு எழுதினார். என் மாமன் அந்த அச்சகத்தில் வேலை பார்த்திருக்க வேண்டியவர்.

வசனம் மாறினால் ஏன் இன்னும் நன்றாகிறது என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். நாலு கட்டம் உள்ள சித்திரத்தில் காலம் ஓடுகிறது. முதல் கட்டத்தில் ஒருவன் வருகிறான், நாலாவதில் விழுகிறான். ஒற்றைக் கட்டத்தில் ஓடுவதற்கு இடமில்லை. ஒரு நொடி மட்டும் இருக்கிறது. முன்னால் என்ன நடந்தது, அடுத்து என்ன ஆகும் என்பதை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். படமும் வரியும் ஒன்றோடொன்று எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அவ்வளவு வேலை உங்களுக்கு. அந்த வேலையை நீங்கள் கண் இமைக்கும் நேரத்தில் செய்து முடிப்பதால்தான் சிரிப்பு வருகிறது. விளக்கக்காரர் வந்து உங்களுக்குப் பதிலாக அந்த வேலையைச் செய்துவிட்டார். பிறகு உங்களுக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

ஆனால் தள்ளி நிற்பது மட்டும் போதாது. முகம் கலையக் கூடாது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள். லார்சனின் படங்களில் ஜன்னல் திரை, மேஜை விளக்கு, மூக்குக் கண்ணாடி போட்ட குண்டு அம்மாள், எல்லாம் ஒழுங்காக இருக்கும். மாடு எந்தக் குறும்பும் பண்ணாது. எந்தப் பாத்திரமும் வாசகரைப் பார்த்துக் கண்ணடிக்காது. நடக்கவே முடியாத ஒன்று, சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் காரியம் மாதிரி நிதானமாக நடக்கும். அபத்தம் என்றால் கிறுக்குத்தனமாக எதையாவது வரைந்துவிடுவது என்று நினைப்பவர்கள் உண்டு. கண்ணைப் பிதுக்கி, நாக்கை நீட்டி, தலைக்குமேல் நட்சத்திரம் சுற்றவிட்டு. அப்படி வரைந்தவன் முதலில் தானே சிரித்துவிட்டான். வாசகருக்கு மிச்சம் வைக்கவில்லை.

முகம் கலையாமல் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? விஞ்ஞானிகள்கூடக் கூட்டத்தில் சேர்ந்துகொள்வார்கள். லார்சனின் இன்னொரு 1982 படத்தில் குகை மனிதர்களுக்கு ஒரு குகை மனிதப் பேராசிரியர் பாடம் நடத்துகிறார். ஸ்டெகோசாரஸ் டைனோசரின் வாலில் இருக்கும் கூர்முள்களைக் காட்டி, இதற்கு ‘தாகோமைசர்’ என்று பெயர், காலஞ்சென்ற தாக் சிம்மன்ஸின் நினைவாக வைத்தது என்கிறார். அந்த முள்களுக்கு அதுவரை விஞ்ஞானத்தில் தனிப்பெயர் இருக்கவில்லை. கென் கார்பென்டர் என்ற தொல்லுயிரியலாளர் 1993இல் ஒரு கருத்தரங்கில் அந்தப் பெயரையே எடுத்துப் பயன்படுத்தினார். இன்றைக்கு அந்தத் துறையில் புழங்கும் பெயர் அது. “எந்த ஊர்ப் பொண்ணுங்க?” என்று விசாரித்தாரே பெஞ்சுக்காரர், கார்பென்டரும் அவர் இனம்தான்.

பழைய ஞாபகப் பிரியமா என்று கேட்டிருந்தீர்கள். 1982இல் நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள். அப்புறம் யாருடைய ஞாபகம் அது?

பழையதாவது அரசியல் கார்ட்டூன்தான். நாம் இருக்கும் மாநிலமே கார்ட்டூன்காரர்களை ஏற்றுமதி செய்த மாநிலம். காயங்குளத்து சங்கர், மாவேலிக்கரை அபு ஆபிரகாம், ஒற்றப்பாலத்துக் குட்டி, நம் பாலக்காட்டு ஓ.வி. விஜயன். எல்லாரும் டில்லிக்குப் போய்க் கொடி கட்டியவர்கள். நான் புரட்டிக்கொண்டிருக்கும் தொகுப்புகளில் அவர்களுடைய எத்தனையோ படங்கள் அடிக்குறிப்பு இல்லாமல் நகர மாட்டேன் என்கின்றன. யார் இந்த மூக்கு, எந்த மசோதா, எந்த மாநாடு என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 டிசம்பரில், அபு வரைந்த குளியல் தொட்டிப் படம் இன்றும் நிற்கிறது. ஜனாதிபதி ஃபக்ருதீன் அலி அகமது குளித்துக்கொண்டே ஓர் அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கதவிடுக்கு வழியாக நீட்டுகிறார். இன்னும் இருந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல் என்கிறார். அவர் யார் என்று தெரியாத பையனிடம் காட்டினேன், அவனும் சிரித்தான். அவன் சிரித்தது சரித்திரத்துக்காக இல்லை. உடம்பில் துணியில்லாத ஒரு பெரிய மனுஷர் அலுவல் பார்க்கிறார், அவர் முகத்தில் கூச்சமே இல்லை. அரசியல் படத்திலும் கடைசிவரை அழுகாமல் கிடப்பது அந்த அபத்தப் பருப்புதான். சரித்திரம் தெரிந்தவர்களுக்கு அதே படம் வேறு மாதிரி வலிக்கும். அது அபுவின் மேதைமை. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.

தமிழில் இல்லை என்று யார் சொன்னது? விகடனில் மதன் வரைந்த முன்ஜாக்கிரதை முத்தண்ணாவைத் தேடிப் பாருங்கள். உங்கள் வயதுக்காரர்கள் பழைய விகடனைப் புரட்டாமலேயே தமிழில் இது இல்லை, அது இல்லை என்று கடிதம் எழுதிவிடுகிறீர்கள். ஒரு குறை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நம் வாரப் பத்திரிகை ஜோக்குகளில், அந்தப் போருக்குப் பயப்படும் மன்னர், சர்வர், டாக்டர் வகையறாக்களில், படத்தை மறைத்துவிட்டு வரியை மட்டும் போனில் வாசித்தாலும் சிரிப்பு வரும். இரண்டு பேர் நின்று பேசுவார்கள், அவ்வளவுதான் படம். ஓவியருக்கு அங்கே கூலி உண்டு, வேலை இல்லை. ‘மாட்டின் கருவிகள்’ என்று போனில் சொல்லிப் பாருங்கள், எதிர்முனையில் இருப்பவர் விலை கேட்பார்.

லார்சன் தன் படங்களை இணையத்தில் போட்டுப் பரப்ப வேண்டாம் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டவர். உங்கள் வாட்ஸாப் குழு அதையெல்லாம் கண்டுகொண்டிருக்காது. 2019 கடைசியில் அவரே இணையதளம் தொடங்கிவிட்டார். அங்கே போய்ப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்றால், தாராளமாக. ஆனால் பாடம் நடத்தாதீர்கள். அந்த மாட்டைக்கூட விடுங்கள். உங்கள் பள்ளிக்கு மலையாளப் பேப்பர் வருமல்லவா, அதில் வரும் கார்ட்டூன்களை வெட்டுங்கள். கீழே இருக்கும் வரியை மடித்து மறைத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். என்ன போட்டிருக்கிறது என்று தமிழில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சிரிக்கக் கூடாது. எழுதியதைச் சத்தமாக வாசிக்கிறவனும் சிரிக்கக் கூடாது. சரியான விடை எது டீச்சர் என்று ஒரு நல்ல பிள்ளை கட்டாயம் எழுந்து கேட்கும், மார்க் வாங்கும் பிள்ளை. அதை மட்டும் கொஞ்சம் அன்பாக உட்காரவையுங்கள். ஹெட்மாஸ்டர் வந்தால் மொழிப்பயிற்சி என்று சொல்லிக்கொள்ளலாம், பொய்யும் இல்லை.

நன்றாக வந்ததில் நாலைந்தை எனக்கும் அனுப்புங்கள். வரியை மட்டும் அனுப்பினால் போதும், படம் வேண்டாம்.

அன்புடன்.