தலைமைப் பொறுப்பில் இருப்பவர் எந்நேரமும் ஆன்லைனில் இருக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஒரு சங்கத்துக்குத் தலைவராக இருக்கிறேன். வாட்ஸப், ஃபேஸ்புக் என்று எந்நேரமும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் திமிர் என்கிறார்கள், சொன்னால் தூக்கம் போகிறது. எப்படிச் சமாளிப்பது?

கடலூர் பக்கம், தென்பெண்ணைக் கரையில் ஒரு ஊராட்சிக்கு 2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை தலைவராக இருந்தேன். கொரோனா, நிவர் புயல், ஃபெஞ்சல் புயல் மூன்றையும் அந்தப் பதவிக்காலத்தில்தான் பார்த்தோம். சங்கமும் ஊராட்சியும் ஒன்றில்லை என்றாலும் போன் படுத்தும் பாடு ஒன்றுதான்.

"ஞாயிற்றுக்கிழமை போனைத் தொடாதீர்கள், தியானம் செய்யுங்கள்" என்று எல்லாரும் சொல்வார்கள். பொறுப்பில் இருப்பவருக்கு அது ஒத்துவராது. ஞாயிறு தொடாமல் விட்டது திங்கட்கிழமை வட்டியோடு வந்து நிற்கும். என்னைக் கேட்டால், தகவல் 24 மணி நேரமும் ஆன்லைனில் கிடைக்க வேண்டும், ஆள் கிடைக்க வேண்டியதில்லை. இந்த இரண்டையும் பிரித்து வைத்தால் பாதி பாரம் இறங்கிவிடும்.

எங்கள் ஊரில் பல வீடுகளில் ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. குவைத்தும் சவூதியும் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர்த் தம்பி எழுந்ததும் ஊர்க் குழுவைத் திறந்து "நம்ம தெருவுல லைட் எரியலையாமே" என்று போடும்போது இங்கே கோழிகூட கூவியிருக்காது. குவைத்தில் இருப்பவர் வேலை முடிந்து, சாப்பிட்டு, படுக்கும் முன் குடிதண்ணீர் பற்றிக் கேட்கும்போது இங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும். இருவர் மேலும் தப்பு கிடையாது, ஊர்மேல் உள்ள அக்கறைதான். ஆனால் இருவருக்கும் உடனே பதில் சொல்ல நினைத்தால் நமக்கு ராத்திரி என்பதே இல்லாமல் போய்விடும்.

நீல டிக்கை அணைத்து வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். தனிச் செய்திக்கு அது சரி. குழுவில் அந்த வசதி செல்லாது. யார் யார் படித்தார்கள் என்று அனுப்பியவரால் பார்க்க முடியும். "பிரசிடெண்ட் அம்மா பாத்துட்டாங்க, பதில்தான் போடல" என்று மறுநாள் டீக்கடையில் பேச்சாகிவிடும்.

அதனால் குழுவையே மாற்றி அமைத்தோம். ஊர் முழுவதுக்கும் ஒரே குழு, அதில் அட்மின்கள் மட்டுமே செய்தி போட முடியும். தினமும் சாயங்காலம் ஒரே ஒரு செய்தி: நாளைக்கு எந்தத் தெருவுக்குத் தண்ணீர், எங்கே மோட்டார் பழுது, நூறு நாள் வேலை எந்த இடத்தில். கேள்விகள் எல்லாம் வார்டுக் குழுவுக்கு, அங்கே வார்டு உறுப்பினர் பதில் சொல்வார். முதல் சில வாரம் முணுமுணுப்பு இருந்தது. வாயை அடைக்கிறார்கள் என்றார்கள். தண்ணீர் வரும் நேரம் சொன்னபடி வரத் தொடங்கியதும் பேச்சு நின்றது. பெரும்பாலான பேருக்கு நம்மோடு பேச வேண்டும் என்று ஆசை ஒன்றும் இல்லை. தண்ணீர் எப்போது வரும் என்று தெரிந்தால் போதும்.

பதவிக்கென்று தனி சிம் வாங்கி, அதில் வாட்ஸப் பிசினஸ் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம்தான். நாம் இல்லாத நேரத்துக்கு ஒரு பதிலை எழுதி வைத்தால் அதுவே போய்விடும். "நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறேன்" என்று வெறுமனே எழுதினால் கோபம்தான் வரும். என் பதிலில் மின்தடைக்கு மின்னகம் 94987 94987, வெள்ளம், புயல் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிடும் நேரம், இவ்வளவும் இருந்தது. ராத்திரி வருகிற செய்தியில் நான் நேரில் செய்யக்கூடியது என்று பார்த்தால் மிகக் குறைவு.

குழுவில் எவனாவது ராத்திரி ஏதாவது போட்டுவிட்டால் அட்மின் ஜெயிலுக்குப் போவார் என்ற பயத்திலேயே தூங்காதவர்கள் உண்டு. அட்மினாக மட்டும் இருந்து வேறு எந்தப் பங்கும் இல்லை என்றால் வழக்கிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. அடுத்தவர் போட்ட பதிவுக்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று 2022ல் கேரள உயர் நீதிமன்றமும் சொன்னது. காலையில் பார்த்து நீக்குங்கள், போதும்.

இனி ஃபேஸ்புக். இதில் கொஞ்சம் கசப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. வாய்க்கால் தூர்வாரினால் போட்டோ, பல்பு மாட்டினால் போட்டோ, மரக்கன்று நட்டால் பத்து பேர் ஒரே கன்றைப் பிடித்துக்கொண்டு போட்டோ. போட்டதும் யார் லைக் போட்டார்கள், எதிர்த்தரப்பு என்ன எழுதியது என்று எடுத்து எடுத்துப் பார்ப்போம். இந்த அலைச்சலுக்கு ஊர் காரணமில்லை. வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று இரண்டு படம், செலவுத் தொகை, அவ்வளவு போட்டால் போதும். நம் முகம் அதில் இல்லாவிட்டால் கமெண்ட்டில் திட்டும் குறைகிறது, நம்பித்தான் பாருங்கள்.

பெண் தலைவராக இருந்தால் கமெண்ட் வேறு மாதிரி வரும். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அதற்கெல்லாம் பதில் எழுதாதீர்கள். ஃபேஸ்புக் பக்கத்தில் கமெண்ட்டை மறைக்கும் வசதி இருக்கிறது. எழுதியவருக்கும் அவர் நண்பர்களுக்கும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு எழுதித் தீர்த்துக்கொள்ளட்டும். மிரட்டல் என்றால் மட்டும் அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைம் போலீசுக்குப் போங்கள். இதையெல்லாம் வீட்டில் ஒருவரோ ஊராட்சியில் ஒருவரோ முதலில் படித்து வடிகட்டித் தந்தால் இன்னும் நல்லது. (போனை மொத்தமாகக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கொடுத்தவர்களின் பதவி என்ன ஆனது என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.)

நம்மால் கெடும் தூக்கமும் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு நினைவு வந்ததை ஊராட்சிச் செயலருக்கோ தூய்மைக் காவலருக்கோ தட்டிவிடுவோம். தலைவர் செய்தி என்றால் அவர் எழுந்து உட்காருவார். புதுச்சேரியை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசி முடிவுசெய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நமக்குச் சட்டம் வரும்வரை ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதில் எழுதிவிட்டு, காலையில் அனுப்பலாம்.

அவசரம் வந்தால்? அதற்காகத்தான் மற்ற நாட்களில் தூங்கச் சொல்கிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாளுக்கு மறுநாள், டிசம்பர் 2 விடியற்காலையில் எங்கள் தென்பெண்ணையில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அந்த நாட்களில் போனைக் கீழே வைக்க முடியவில்லை, வைக்கவும் கூடாது. எது உண்மை, எது வதந்தி என்று தலைவர்தான் சொல்ல வேண்டும். கலெக்டர் அலுவலக அறிவிப்பை மட்டும் பகிர்ந்தோம், ஒவ்வொன்றிலும் நேரம் போட்டோம், மற்ற குரல் பதிவுகளைத் தொடவில்லை. கரண்ட் போய் டவரும் போனபின் ஆட்டோவில் மைக் கட்டித்தான் ஆட்களை மேடான இடத்துக்குக் கூப்பிட்டோம். ஏற்கனவே பல மாதம் தூக்கம் கெட்டவராக இருந்திருந்தால் அந்த மூன்று நாளைத் தாண்டியிருக்க முடியாது.

சாதாரண ராத்திரிகளுக்கு ஆண்ட்ராய்டில் டோன்ட் டிஸ்டர்ப் போதும். நட்சத்திரமிட்ட எண்களுக்கு மட்டும் மணி அடிக்கும். ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் தடவை கூப்பிட்டாலும் அடிக்கும்படி வைக்கலாம். உண்மையிலேயே அவசரம் என்றால் யாரும் ஒரு தடவையோடு விடமாட்டார்கள். இத்தனை செய்தும் படபடப்பும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, எண்ணையும் பக்கத்தையும் குழுவையும் பதவியின் பெயரில் தொடங்குங்கள், உங்கள் பெயரில் வேண்டாம். 2025 ஜனவரியில் எங்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றதும், சிம்மையும் அட்மின் பொறுப்பையும் ஊராட்சிச் செயலரிடம் கொடுத்துவிட்டு நான் குழுவிலிருந்து வெளியேறினேன். என் சொந்த எண்ணுக்கு இன்னமும் தெருவிளக்குப் புகார் ஒன்றிரண்டு வருகிறது. வட்டார வளர்ச்சி அலுவலக எண்ணை அனுப்பிவிடுகிறேன்.