ஏற்றுக்கொள்வேன், ஆனால்…

கேள்வி: கடவுள் இருக்கிறார் என்று நாளைக்கே ஆதாரத்தோடு நிரூபித்துவிட்டால் உங்களைப் போன்ற நாத்திகர்கள் என்ன செய்வீர்கள்? அதற்கும் ஒரு சாக்கு சொல்லித் தப்பிக்கத்தானே பார்ப்பீர்கள்?
- ஒரு வாசகர், திருவையாறு

பதில்: ஏற்றுக்கொள்வேன். இத்தனை நாள் சொன்னது தப்பு என்று இதே பக்கத்தில் எழுதுவேன்.

வானத்திலிருந்து கல் விழுகிறது என்று கிராமத்து மக்கள் சொன்னதை 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள் பலர் மூடநம்பிக்கை என்று தள்ளினார்கள். 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்சின் லேக்ல் ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கில் கற்கள் விழுந்தன. பியோ என்ற இளம் விஞ்ஞானியை அரசு அனுப்பியது. அவர் ஊர் ஊராகப் போனார், பார்த்தவர்களை விசாரித்தார், கற்கள் எங்கெங்கே கிடந்தன என்று குறித்தார். அந்த வட்டாரத்தில் அதற்கு முன் அப்படிப்பட்ட கல்லே கிடையாது என்பதையும் உறுதி செய்துகொண்டார். அவர் அறிக்கை வந்த பிறகு, சந்தேகப்பட்டவர்கள் மனம் மாறினார்கள். நானும் அப்படித்தான் மாறுவேன்.

ஆனால் விசாரிக்காமல் மாற மாட்டேன். 1995 செப்டம்பர் 21 நினைவிருக்கிறதா? பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே கோயில் வாசலில் நின்றது. பார்த்தவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை; கரண்டியில் இருந்த பால் உண்மையிலேயே குறைந்தது. விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பரப்பு இழுவிசையால் சிலைமேல் ஏறிய பால், மெல்லிய படலமாகக் கீழே வழிந்து போனது தெரிந்தது. வெள்ளைப் பால் வழிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இலங்கையில் ஆபிரகாம் கோவூர் என்ற பகுத்தறிவாளர் 1963இல், மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. கோவூர் கேட்டதும் சாக்கு இல்லை. சோதிக்க விடுங்கள் என்பதுதான்.

சரி, எல்லாச் சோதனையும் முடிந்து கடவுள் இருப்பது உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எந்தக் கடவுள் என்பது தனி வழக்கு, அதை விட்டுவிடுகிறேன். நிரூபித்த மறுநிமிடமே நான் கைகூப்பிவிடுவேன் என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் நாம் பிரிகிறோம். ஒருவர் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்வது வேறு, அவரைக் கும்பிடுவது வேறு.

உங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் எட்டிப் போகும் தூரம்தான். எந்தத் தெருவில் திரும்பினாலும் கோபுரம் தெரிகிற ஊர். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியின் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். பள்ளியை நடத்தியவர்களையும் அனுமதி கொடுத்தவர்களையும் நாம் நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டோம். கடவுள் இருப்பது நிரூபணமானால், அன்று காலை அவரும் அங்கே இருந்திருக்கிறார். எல்லாம் தெரிந்தவராக, எல்லாம் முடிந்தவராக இருந்திருக்கிறார். அவரிடம் நான் முதலில் கேட்கப்போவது அந்த 94 பேரைப் பற்றித்தான். அவர் பதில் சொல்லட்டும். கும்பிடுவதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் யோசிக்கிறேன்.