நகராட்சிக் கழிவுநீரும் அரசுப் பணமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் ஊரில் அறுபதாயிரம் பேர். சாக்கடை முழுக்க ஏரியில்தான் விழுகிறது. பாதாள சாக்கடைக்கு அரசு பணம் தருமா?

பணம் உண்டு, ஆனால் நீங்கள் கேட்கிற வேலைக்கு இல்லை. நகரங்களின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்காக மத்திய அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டம், கழிவுநீர்ப் பணிகளுக்குப் பழைய அம்ருத் பட்டியலில் இருந்த 500 நகரங்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. லட்சத்துக்குக் குறைவான ஊர்களுக்குத் தூய்மை இந்தியா 2.0 தான் வழி. ஏரிக்கு வரும் சாக்கடையை முன்பே மறித்துத் திருப்பவும், பம்ப் நிலையம், சுத்திகரிப்பு நிலையம் கட்டவும் அதில் பணம் கிடைக்கும். வீடு வீடாகக் குழாய் பதிக்கக் கிடைக்காது. ஏரியைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், முதலில் அந்த மறிப்பு வேலையைக் கேளுங்கள்.

செப்டிக் டேங்க் லாரிகள் எங்கே கொட்டுகின்றன என்றும் பாருங்கள். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் அந்தக் கசடுக்கென்றே 2017-ல் ஒரு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. கருங்குழி ஒரு பேரூராட்சிதான். உங்கள் நகராட்சிக்கு முடியாததா என்ன?

மன்றத் தீர்மானம், திட்ட அறிக்கை, நிலம் மூன்றும் தயாராக இல்லாமல் யாரையும் போய்ப் பார்த்துப் பயனில்லை. பெரும்பாலும் இழுபறி ஆவது நிலம்தான். சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்பார்கள், எங்கள் வார்டில் மட்டும் வேண்டாம் என்பார்கள்.

முழுச் செலவையும் அரசே ஏற்காதா? இணைப்புக்கு எங்களிடம் ஏன் வைப்புத்தொகை கேட்கிறார்கள்?

ஏற்காது. அம்ருத் 2.0-ல் மத்திய அரசின் பங்கு லட்சத்துக்குக் குறைந்த ஊருக்குப் பாதி, 10 லட்சம் வரை மூன்றில் ஒன்று, அதற்கு மேல் கால் பங்கு. அதுவும் 20, 40, 40 சதவீதமாக மூன்று தவணையில்தான் வரும். மீதியை மாநில அரசும் நகராட்சியும் போட வேண்டும். நகராட்சியிடம் காசு இல்லையென்றால் 1996-ல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தில் கடன் கேட்கலாம். கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால்தான் உங்களிடம் வருகிறார்கள்.

ஆலந்தூரில் பாதாள சாக்கடை போட்டபோது வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை, மாதம் 150 ரூபாய் கட்டணம். அந்தக் காலத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. மக்கள் கட்டினார்கள், திட்டமும் நடந்தது.

எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) கட்டித் திறப்பு விழாவும் நடந்தது. பாதி நாள் ஓடுவதில்லை. ஏன்?

மானியம் கட்டடத்துக்கு. கரண்ட் பில்லும் ஆபரேட்டர் சம்பளமும் நகராட்சி தலையில். வீட்டு இணைப்புகள் குறைவாக இருந்தால் நிலையத்துக்கு ஓடப் போதுமான கழிவுநீரே வராது, கட்டணமும் வராது. மொத்த இணைப்பு எத்தனை, மாத மின்கட்டணம் எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், காரணம் தெரிந்துவிடும். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்கள் தலா தினம் 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைக்கு ஏற்ற தரத்துக்குச் சுத்திகரித்து விற்கின்றன. வாங்க ஆள் இருக்கிற ஊரில் இது நல்ல வழி. எல்லா ஊருக்கும் சிப்காட் தொழிற்பேட்டை கிடையாதே!

ஆம்பூர் பக்கம் இருக்கிறோம். நகராட்சி சுத்திகரிப்பு நிலையம் வந்தால் தோல் ரசாயனம் பாலாற்றில் கலப்பது நிற்குமா?

நிற்காது. நகராட்சி நிலையத்தில் வேலை செய்வது பாக்டீரியா. வீட்டுக் கழிவில் உள்ள மக்கும் பொருளை அது தின்னும். தோல் தொழிற்சாலை உப்பை அது தொடாது, வந்த உப்பு அப்படியே வெளியேறும். தோல் பதனிடப் பயன்படுகிற உலோகமான குரோமியம் அதிகமாக வந்தால் பாக்டீரியாவே செத்துப்போகும். பிடிபடுகிற குரோமியமும் கசடில் தங்குவதால் அந்தக் கசடை உரமாகப் போட முடியாது.

ரசாயனத்தைத் தொழிற்சாலை வாசலிலேயே நிறுத்த வேண்டும். அதற்கு ஆகும் செலவு தொழிலுடையது. வேலூர் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்றது, 2025 ஜனவரியில் மறுபடியும் சொன்னது. திருப்பூரில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரே வெளியேறாத முறைக்கு மாற மாநில அரசு பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. மானியமாகக் கொடுக்காமல் கடனாகக் கொடுத்தது சரி என்றே நினைக்கிறேன்.

ராணிப்பேட்டைக் கதை வேறு. அங்கே குரோமேட் ஆலை மூடிப் பல வருடமாகிறது, லட்சம் டன்னுக்கு மேல் கழிவைக் குவித்துவிட்டுப் போனது. அந்த மாதிரி இடத்தில் அரசுப் பணத்தில்தான் சுத்தம் செய்தாக வேண்டும். காத்திருந்தால் நிலத்தடி நீர் இன்னும் கெடும்.

போர் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) லிட்டருக்கு 1,800 மில்லிகிராம். காய்ச்சிக் குடித்தால் குறையுமா?

குறையாது. காய்ச்சினால் கிருமி சாகும். தண்ணீர் ஆவியாகிற அளவுக்கு உப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும். 500 வரைதான் ஏற்புடையது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தோல், சாயத் தொழில் இருக்கிற ஊர் என்றால் டி.டி.எஸ். மீட்டரோடு விடாதீர்கள், அது குரோமியத்தைத் தனியாகக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.