பழைய பூ சென்ட்: கேட்டதும் சொன்னதும்

ஹட்டன்: அக்கா, பாட்டி பங்களாவில் வேலை செய்தபோது துரைசானி கொடுத்த ‘ஜோய்’ சென்ட் போத்தல் எங்களிடம் இருக்கிறது. அதில் உண்மையிலேயே பூ இருக்கிறதா?

இருக்கிறது தம்பி, ஏராளமாக. ஜான் பட்டூ என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்காக ஹென்றி அல்மெரா என்ற சென்ட் கலைஞர் 1930-இல் உருவாக்கியது. ஒரு அவுன்ஸுக்கு 10,600 மல்லிகை, 28 டசின் ரோஜா என்றே விளம்பரம் செய்தார்கள். நம் குண்டுமல்லி இல்லை, பிரான்சின் கிராஸ் பக்கத்துச் சாதிமல்லி. பறித்த பிறகும் மல்லிகை வாசம் விட்டுக்கொண்டே இருக்கும். சாயங்காலம் தலையில் வைத்த பூ ராத்திரி இன்னும் மணக்கிறதே, அதுதான். அதனால் முற்காலத்தில் கொழுப்புப் பூசிய கண்ணாடியில் பூவைப் பரப்பி வாசத்தை இறக்கினார்கள். போத்தலை வெயில் படும் ஷோகேஸில் வைக்காதீர்கள்.

பதுளை: பழைய போத்தல் என்ன விலை போகும்?

விலை நான் சொல்வதில்லை.

தலவாக்கலை: சென்ட் பழுப்பாகிவிட்டது. கெட்டுப்போனதா?

நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். மல்லிகையிலுள்ள இண்டோல் என்ற வாசப்பொருளும், வனிலா வாசம் தரும் வனிலினும் நாளாக நாளாகக் கறுக்கும். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிஷம் பொறுங்கள். முதலில் புளித்த வாடை வந்தாலும் பிறகு பூ வந்தால் நல்ல சென்ட்தான். அப்புறம், வெயில் படாமல் வையுங்கள்.

நுவரெலியா: அந்தக் காலத்து சென்ட் எல்லாம் சுத்தமான பூச்சாறு. கெமிக்கல் இப்போது வந்ததுதானே?

இல்லவே இல்லை ஐயா. 1921-இல் ‘ஷனெல் நம்பர் 5’ என்ற சென்டைக் கலக்கும்போதே எர்னெஸ்ட் போ என்பவர் ஆல்டிஹைடுகள் என்ற ஆய்வுக்கூடத்து வாசப்பொருட்களைத் தாராளமாகச் சேர்த்தார். அதையும் விடுங்கள். மியூகே என்று மணி மணியாகத் தொங்கும் ஒரு வெள்ளைப் பூ. அதிலிருந்து சென்டுக்கு உதவும் எண்ணெய் கிடைக்காது. எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா என்ற சென்ட் கலைஞர் அந்தச் செடியைத் தோட்டத்தில் வளர்த்து, முகர்ந்து முகர்ந்து, ஹைட்ராக்சிசிட்ரொனெலால் போன்ற ஆய்வுக்கூடத்துப் பொருட்களைக் கொண்டு 1956-இல் ‘டியோரிசிமோ’ என்ற சென்டைச் செய்தார். பூ தராத வாசத்தை மனிதன் கட்டி எழுப்பினான். இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனசு வராது.

பண்டாரவளை: ஐயா சொல்வதுதான் சரி. எங்கள் அம்மாவின் சென்டில் கெமிக்கல் வாடையே இருக்காது.

சரி, இண்டோலைத் தனியாக முகர்ந்தால் அந்துருண்டை வாடையும் மல வாடையும்தான் வரும். மல்லிகையே அதைச் செய்கிறது. துளியளவு இருந்தால்தான் மல்லிகை மல்லிகையாக மணக்கும். ஆகவே மூக்கை வைத்து இது பூ, இது கெமிக்கல் என்று பிரிக்க முடியாது அம்மா.

மஸ்கெலியா: எங்களிடமும் ‘ஜோய்’ இருக்கிறது. என்ன விலை போகும்?

பதுளைக்குச் சொன்னதுதான். போத்தல் இப்போது எங்கே இருக்கிறது, ஜன்னலோரத்திலா? முதலில் எடுத்து அலுமாரிக்குள் வையுங்கள்.