ஞாயிற்றுக்கிழமை யாருக்கு லீவு?

கேள்வி: எனக்கு 41 வயது. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு எப்போது வரும் என்று வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன். வந்தால் மற்ற நாளைவிடக் களைப்பாகிவிடுகிறது. எல்லோரும் தூங்கியபின் 12 மணிவரை போன் பார்க்கிறேன். கணவர் திட்டுகிறார். இது ஏதாவது வியாதியா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: வியாதி இருக்கட்டும், உங்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்போம். கறிக்குழம்பு, வாரத்துக்கு இட்லி மாவு, பிள்ளைகளின் யூனிஃபார்ம், சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளி. இதற்கு லீவு என்று பெயர் வைத்தவர் சமையலறைப் பக்கம் போயிருக்க மாட்டார். மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு அதில் நாளொன்றுக்கு 289 நிமிடம் போகிறது. அந்த வேலை செய்யும் ஆண்களுக்கு 88.

போன் பார்ப்பதற்கு நான் திட்டமாட்டேன். 'அம்மா', 'ஏங்க' என்று யாரும் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதானே. ஆனால் அதைத் தூக்கத்திலிருந்து எடுக்கிறீர்கள். பகலிலிருந்து எடுங்கள்.

அதற்கு ஒரு வேலை உங்கள் கையைவிட்டுப் போக வேண்டும். 'கொஞ்சம் உதவி பண்ணுங்க' என்று கேட்டால் வெங்காயம் உரிப்பதோடு சரி. மாவு வேலையை அப்படியே கணவரிடம் கொடுத்துவிடுங்கள். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். நாலு மணி நேரம் ஊறட்டும். உளுந்தை முதலில் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்க ஆட்டணும். அரிசி கொஞ்சம் கொரகொரப்பாக. கிரைண்டர் கழுவுவதும் அதில் சேர்த்தி (இதைத்தான் வசதியாக மறப்பார்கள்). சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். முதல் வாரம் இட்லி கல்லாக வந்தாலும் குறை சொல்லாமல் சாப்பிடுங்கள். சொன்னால் வேலை உங்களிடமே திரும்பிவிடும். அந்த நேரத்தில் தூங்குவதோ தோழி வீட்டுக்குப் போவதோ உங்கள் இஷ்டம்.

அப்புறம், நல்ல ஓய்வுக்குப் பிறகும் களைப்புப் போகாவிட்டால் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்குமேல் போனால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: மகன் பஹ்ரைனில் இருக்கிறான். தினமும் சாயங்காலம் 6 மணிக்கு நான்தான் கூப்பிடுகிறேன். 'சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா' என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான். மனசு என்னவோ போல ஆகிறது.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: ஐயா, உங்கள் 6 மணி அங்கே மூன்றரை மணி. வேலை நேரத்தில் பிள்ளை வேறென்ன பேசுவான்? அங்கே வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அன்றைக்குக் கூப்பிடுங்கள். மாத்திரைக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிட்டு, அவன் என்ன சமைத்தான், அறையில் கூட இருப்பவர் எந்த ஊர் என்று நீங்கள் கேளுங்கள்.