கல்லூரி மாநாட்டில் இளங்கலை மாணவர்களுக்கான போஸ்டர் அமர்வை எப்படி நடத்துவது?

எங்கள் துறை மாநாடுகளில் இந்த வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். மாணவர்கள் தங்கள் ஆய்வைப் போஸ்டராக ஒட்டி, பக்கத்தில் நின்று விளக்கும் அமர்வு இது. சுமார் 40 போஸ்டர் வரும், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நேரத்திலிருந்து ஆரம்பியுங்கள். போர்டு, பிளெக்ஸ், சான்றிதழ் எல்லாம் அப்புறம்.

நம் ஊர் மாநாடுகளில் போஸ்டர் அமர்வு கெடுவது நிகழ்ச்சி நிரலில்தான். சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு முடியவே பதினொன்றரை ஆகிவிடும். எதை வெட்டலாம் என்று பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது போஸ்டர். "சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்பார்கள். சாப்பாடு வேறு கட்டடத்தில் நடக்கும். பிள்ளைகள் மட்டும் பசியோடு போஸ்டர் பக்கத்தில் நிற்பார்கள்.

எனவே முதல் நாள் பிற்பகல் இரண்டு மணி நேரத்தை, அந்த நேரத்தில் வேறு எந்த அமர்வும் இல்லாதபடி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தேநீரையும் வடையையும் அதே அரங்குக்குள் வைக்கச் சொல்லுங்கள். அழைப்பிதழால் வராத பேராசிரியர்கள் வடைக்கு வருவார்கள், வந்தால் நான்கு போஸ்டராவது பார்ப்பார்கள்.

இரண்டு மணி நேரத்தைப் பாதியாகப் பிரியுங்கள். முதல் ஒரு மணி நேரம் ஒற்றைப்படை எண் போஸ்டர்காரர்கள் நிற்கட்டும், அடுத்த மணி நேரம் இரட்டைப்படை. இல்லாவிட்டால் எல்லோரும் அவரவர் போஸ்டர் முன்னால் நிற்பார்கள், அடுத்தவர் என்ன செய்தார் என்று ஒருவருக்கும் தெரியாமலே போகும்.

நடுவர் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு போஸ்டரையும் மூன்று பேர் பார்க்க வேண்டுமென்றால் 40 போஸ்டருக்கு 120 பார்வை. ஒரு போஸ்டருக்குப் பத்து நிமிடம் வைத்தால் ஒருவர் இரண்டு மணி நேரத்தில் 12 பார்க்கலாம். ஆக பத்து நடுவர்கள். பன்னிரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள், இரண்டு பேர் எப்படியும் வரமாட்டார்கள். பிஎச்டி ஆய்வாளர்களைத் தயங்காமல் சேருங்கள். மூத்த பேராசிரியர்களைவிடப் பொறுமையாகக் கேட்பவர்கள் அவர்கள்தான். தன் மாணவரின் போஸ்டரே எந்த நடுவருக்கும் போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளங்கலை, முதுகலை இரண்டையும் ஒரே போட்டியில் போடாதீர்கள். கணினித் துறையின் ஏசிஎம் அமைப்பு நடத்தும் மாணவர் ஆராய்ச்சிப் போட்டியிலேயே இரண்டும் தனித்தனிப் பிரிவுகள். அங்கே முதல் சுற்று போஸ்டர், அதில் தேறுபவர்களுக்கு மட்டும் அடுத்த சுற்றில் மேடைப் பேச்சு. நேரம் இருந்தால் அந்த முறையை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

மாணவர்களிடம் ஆய்வுச் சுருக்கம் கேட்கும்போது 250 சொல் போதும். முடிவு முழுதாக வராத ஆய்வையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளையிடம் முடிந்த ஆய்வு கேட்டால் நாலு கட்டுரையைச் சேர்த்து ஒட்டியதுதான் வரும். "இதுவரை நான் செய்தது என்ன" என்று ஒரு பத்தி கட்டாயம் எழுத வையுங்கள். ஒட்டு வேலை அங்கேயே தெரிந்துவிடும். வழிகாட்டியின் ஒப்புதலும் தேவை. வெளிவராத தரவு போஸ்டரில் வந்துவிட்டதென்று பிறகு சண்டை வரும்.

அளவு விஷயத்தில் கறாராக இருங்கள். ஏ0 தாள் 84.1 × 118.9 செ.மீ. நிமிர்த்தி வைத்தால் மூன்றடிக்கு நாலடி போர்டில் சரியாக உட்காரும், படுக்க வைத்தால் பக்கத்துப் போர்டுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். "நிமிர்ந்த ஏ0 மட்டும்" என்று அறிவிப்பிலேயே போடுங்கள். பிளெக்ஸ் கடைக்குப் பவர்பாயிண்ட் கோப்பாகக் கொடுக்க வேண்டாம், பிடிஎப் ஆக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கடைக் கணினியில் எழுத்துரு மாறி, சமன்பாடுகள் கட்டம் கட்டமாக அச்சாகும். தமிழில் போஸ்டர் என்றால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். போர்டுகளுக்குப் பந்தல்காரரிடம் பேசுங்கள், மாநாட்டுக்கு முந்தைய நாள் மாலையே எண் ஒட்டி வரிசைப்படுத்தி விடுங்கள்.

பரிசை நிறைவு விழா வரை இழுக்காதீர்கள், வெளியூர்ப் பிள்ளைகள் அதற்குள் ரயிலுக்குக் கிளம்பியிருப்பார்கள். மதிப்பெண் தாளின் அடியில் நடுவர் இரண்டு வரி கருத்து எழுத இடம் விட்டு, அந்தத் துண்டைக் கிழித்து மாணவரிடமே கொடுத்துவிடுங்கள். பரிசு கிடைக்காதவர்கள்கூட அதைக் கேட்டு வாங்கிப் போவார்கள்.